ஆள் இல்லாத சந்து

அந்தக் கிடங்கில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். பகல் ஷிஃப்டின் சூப்பர்வைசர் அவளுடைய கொழுந்தன். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவன் பழக்க தோஷத்தில் எல்லோர் முன்னாலும் "அண்ணி, இந்தப் பக்கம் வாங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அப்படியே ஒட்டிக்கொண்டது. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, அண்ணி, அந்த டேப்பைக் கொஞ்சம் தள்ளு என்பார்கள். ஊருக்கெல்லாம் ஒரே அண்ணியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வேலை கஷ்டமான வேலை இல்லை என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லக்கூடும். யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து ஃபோனில் விரலை வைத்துக் கேட்கிற சாமான்கள், பெல்ட்டில் ஊர்ந்து வரும். தலையணை, தவலை, குழந்தைச் சட்டை, சுத்தியல். அட்டைப்பெட்டியை விரித்து, சாமானை வைத்து, டேப் ஒட்டி, தள்ளிவிட வேண்டும். நின்றுகொண்டே. நாள் முழுக்க.

இடது மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை. கை ஓடிக்கொண்டிருந்தால் அதில் பச்சை விளக்கு. கொஞ்சம் நின்றால் மஞ்சள். அதற்கும் மேல் நின்றால் சிவப்பு எரிந்து, தோலைக் கிள்ளுகிற மாதிரி அதிரும். சிவப்பு அதிகமானால் யாரும் வந்து திட்டமாட்டார்கள். மறுநாள் காலையில் வாசலில் அடையாள அட்டையைக் காட்டும்போது கதவு திறக்காது, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். வெளியே நிற்பவர் இன்னும் இரண்டு தடவை அட்டையைத் துடைத்துக் காட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பையோடு திரும்பிப் போவார்.

அந்தப் பட்டைக்கு மாமியார் என்று பெயர் வைத்தது வாயாடி. அண்ணிக்குப் பக்கத்து மேஜைக்காரி. "உக்காந்தா கத்துறா, நின்னா முறைக்கிறா, ஓடிக்கிட்டே இருந்தாத்தான் வாயை மூடுறா. எங்க வீட்டு மாமியாரே தேவலை அண்ணி. அவங்க தூங்கவாச்சும் செய்வாங்க" என்றாள். கிடங்கு முழுக்க அந்தப் பெயர் ஒரே நாளில் பரவிவிட்டது. மீசை வைத்த லோடுமேன்கூட மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "மாமியார் கிள்ளிட்டா" என்பார்.

அண்ணிக்குக் கடவுள் பக்தி அதிகம். காலையில் பெல்ட் ஓடத் தொடங்குவதற்கு முன் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொள்வாள். தனக்கென்று எதுவும் கேட்கமாட்டாள். இன்றைக்கு யாராவது ஒருத்தருக்கு என்னால் ஒரு ஒத்தாசை நடக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வாள். பெரிய காரியம் எதுவும் தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். சின்னதாக ஒன்று கிடைத்தால் போதும்; அதை விடமாட்டாள்.

அப்படி ஒரு நாள் கிடைத்ததுதான் பட்டையை மாற்றிக் கட்டுகிற பழக்கம். எதிர் மேஜையில் சர்க்கரைக்காரர் என்று ஒரு பெரியவர் இருந்தார். சர்க்கரை வியாதி, அடிக்கடி ஒதுங்கப் போக வேண்டும். போனால் சிவப்பு. போகாவிட்டால் என்ன ஆகும் என்பதும் ஒரு நாள் எல்லோர் கண் முன்னாலும் நடந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு அட்டையால் காலை மறைத்தபடி பெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அவர் முகம் இறுகியதைப் பார்த்ததும் அண்ணி பேசாமல் போய் அவர் கையிலிருந்த பட்டையைக் கழற்றினாள். தன் முன்கையில், சட்டைக் கைக்கு உள்ளே கட்டிக்கொண்டு பெட்டி ஒட்டினாள். ஒரே கைதான் ஓடியது. இரண்டு பட்டையிலும் பச்சை. பெரியவர் நிதானமாகப் போய், நிதானமாகத் திரும்பி வந்தார்.

அதன் பிறகு கிடங்கே அதைக் கற்றுக்கொண்டது. தலைசுற்றல் வந்தவள், வயிற்றுவலிக்காரி, வீட்டில் சாவு விழுந்து அழ இடம் தேடினவன் என்று எல்லோருக்கும் அது உதவியது. "என் மாமியாரைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்றால் போதும். பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டிவிடுவார். கொழுந்தனுக்கும் இது தெரியும். யார் சட்டைக் கையாவது புடைத்திருந்தால் அந்தப் பக்கம் வரும்போது மேலே ஃபேன் ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே கடந்துவிடுவான். நல்ல பிள்ளை என்று அண்ணி மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

சில வாரங்களுக்கு முன் கிடங்கின் பின்பாதியை மாற்றினார்கள். அங்கே பெண்களுக்கென்று ஒரு ஓய்வறை இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர் டிரம், ஒரு திரை. இடம் வீணாகிறது என்று சுவரை இடித்தார்கள். அந்த இடத்தில் தண்டவாளத்தின்மேல் நகர்கிற இரும்பு ரேக்குகள் வந்தன. ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு. எப்போதும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். சாமான் எடுக்க ஆள் போகும்போது மட்டும் இரண்டு ரேக்குக்கு நடுவில் ஒரு சந்து திறக்கும். எடுத்து முடித்து ஆள் வெளியே வந்ததும் அது மெல்ல மூடிக்கொண்டு, வேறொரு இடத்தில் வேறொரு சந்து திறக்கும். ஓசையே இருக்காது. தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். பேக்கிங் மேஜைக்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை. அதனால் அதைப் பற்றி அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே வாயாடி பேசவில்லை.

அவளுக்குக் கைக்குழந்தை. பிரசவமாகிச் சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். இன்னும் தாமதித்தால் கதவு திறக்காது என்ற பயம். புருஷன் லாரியில் வெளியூர் போனால் வருவது எப்போதென்று தெரியாது. குழந்தையை அவள் அம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

முதலில் அண்ணி அவளைக் கிண்டல் பண்ணினாள். என்னடி, இன்றைக்கு வாய்க்கு விடுமுறையா என்று கேட்டாள். வாயாடி சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. அண்ணி அவள் நெற்றியில் புறங்கையை வைத்தாள். அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரிச் சுட்டது.

"பால் கட்டிக்கிச்சு அண்ணி," என்றாள் வாயாடி மெதுவாக. "கல்லு மாதிரி இருக்கு. குளிருது."

வீட்டுக்குப் போ என்று அண்ணி சொன்னாள். போனால் நாளைக்கு உள்ளே விடமாட்டார்கள் என்று அவள் சொன்னாள். இரண்டும் உண்மைதான். அண்ணி கையை நீட்டினாள்.

"குடு. கொஞ்ச நேரம் எங்கயாச்சும் போய்ப் படு. நான் ரெண்டு மேஜையும் பாத்துக்கறேன்."

வாயாடி பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். அவள் நடந்து போவதை அண்ணி பார்த்தாள். ஒரு உயிரை இந்த மாதிரி வாட்டி எடுக்கிற இடத்தில் என்னால் ஆனது இது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு இருந்தது. காலையில் கேட்டது கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தாள்.

இரண்டு மேஜையின் பெட்டிகளும் அவள் கையில் பறந்தன. சட்டைக் கைக்குள்ளே வாயாடியின் பட்டை பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரைக்காரர் அவள் திணறுவதைப் பார்த்து, எதுவும் கேட்காமல், தன் பக்கத்து அட்டைகளை விரித்து விரித்து அவள் பக்கம் தள்ளினார்.

அப்போதுதான் கொழுந்தன் வந்தான். கையில் எல்லோருடைய பெட்டிக் கணக்கும் ஓடுகிற ஸ்க்ரீன் பலகை. முகத்தில் சிரிப்பு. மேலே அண்ணாந்து பார்த்தபடியே, வாயாடி இன்றைக்குச் சக்கைப்போடு போடுகிறாள், ஸ்க்ரீனில் அவள் பெயர்தான் உச்சியில் நிற்கிறது என்றான். இப்படியே போனால் நாளைக்கு எனக்கே அவள்தான் சூப்பர்வைசர் என்றான். அண்ணியும் சிரித்துவிட்டாள். அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்; வாய்விட்டுச் சொல்லாத வேடிக்கை.

பின்னாலிருந்து அந்தப் பெருமூச்சுச் சத்தம் வந்தது. பேச்சை மாற்றுவதற்காக, அது என்னப்பா எப்போதும் புஸ்ஸு புஸ்ஸென்று என்று கேட்டாள்.

"ரேக் மூடுது அண்ணி. ஆள் இல்லாத சந்து தானா மூடிக்கும். அதான் இதுல விசேஷம்."

ஆள் இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். சும்மா கேட்டாள். கை டேப்பை இழுத்துக்கொண்டிருந்தது.

"பட்டை இருக்கே. உள்ள யார் கையிலயாச்சும் பட்டை இருந்தா அசையாது. இல்லைன்னா மூடிடும்."

அண்ணிக்கு அந்த வார்த்தைகள் கேட்டன. கேட்டும் அவள் கை நிற்கவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அவள் அதை நினைத்து நினைத்து நடுங்கியிருக்கிறாள். விஷயம் முழுசாகப் புரிந்த பிறகும், அவளுடைய இரண்டு கைகளும் அந்தப் பெட்டியை ஒட்டி முடித்தன. மடிப்பை அழுத்தி, டேப்பை அறுத்து, பெட்டியைத் தள்ளிவிட்டு, அதற்கப்புறம்தான் நின்றன. அவை தன் கைகள் மாதிரியே இல்லை.

அவள் சட்டைக் கையைச் சுருட்டிக் கொழுந்தனுக்குக் காட்டினாள். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போன விதத்தை அவள் அதற்கு முன் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"எங்க போனா?"

அதற்குள் அண்ணி ஓட ஆரம்பித்துவிட்டாள். பதில் தெரியும். உடம்புக்கு முடியாதபோது அந்தக் கிடங்கின் பெண்கள் எல்லோருக்கும் கால்கள் தாமாகப் போகிற இடம் ஒன்றுதான். ஓய்வறை இருந்த மூலை. சுவர் போய்விட்டது, பெஞ்சும் போய்விட்டது, ஆனால் சுரத்தில் நடப்பவளுக்கு அது தெரியுமா? அந்த மூலை ஒதுக்குப்புறமாக இருக்கும், இருட்டாக இருக்கும். அந்த நேரம் அங்கே ஒரு சந்து திறந்திருந்திருக்கும். சாமான் எடுப்பவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். அவள் உள்ளே போய்ப் படுத்திருப்பாள்.

கொழுந்தன் அவளை முந்திக்கொண்டு ஓடி, கடைசித் தூணில் இருந்த சிவப்புப் பொத்தானைக் கையால் அறைந்தான். பெருமூச்சு நின்றது. பெல்ட் நின்றது. கிடங்கு முழுவதும் மணிக்கட்டுகள் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி அதிரத் தொடங்கின. எல்லோரும் தங்கள் மேஜையை விட்டு எட்டிப் பார்த்தார்கள்.

ரேக்குகள் வரிசையாக ஒட்டி நின்றன. எதில் என்று தெரியவில்லை. கொழுந்தன் ஒவ்வொரு இடுக்கிலும் முகத்தை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே போனான். அண்ணிதான் பார்த்தாள். கடைசிக்கு முந்தின இடுக்கில், தரையோடு தரையாக, துப்பட்டாவின் நுனி வெளியே வந்திருந்தது. கையகலத் துணி. அவ்வளவுதான் வெளியே இருந்தது.

லோடுமேன்கள் ஓடிவந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். சரக்கு நிறைந்த இரும்பு. அசையவில்லை. உட்காரவும் நேரமில்லாதவர்கள் எல்லோரும் இப்போது மேஜையை விட்டு வந்து அந்த இரும்பில் கையை வைத்திருந்தார்கள். ரேக்கின் அடியில் கால் பட்டால் நிறுத்துகிற கம்பி ஒன்று உண்டு என்றும், அட்டை விழுந்து விழுந்து அது அடிக்கடி நிறுத்துகிறது என்று போன வாரம் மேலிடத்தில் கழற்றச் சொல்லிவிட்டார்கள் என்றும் கொழுந்தன் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னான். கழற்றியது அவன்தான்.

ரேக்கைத் திறக்கிற உத்தரவு இங்கே இல்லை. அது எங்கோ வேறொரு ஊரில், ஒரு அறையில் இருந்தது. அவன் ஃபோன் செய்தான். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். ஒரு பெண் குரல், பணிவாக, என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. சந்தில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது, திறங்கள் என்றான். எந்தச் சந்து, எந்த ஊழியர் என்று கேட்டது. சொன்னான்.

"சார், அந்தச் சந்துல யாரும் இல்லை. அந்த ஊழியர் வெளியில, உங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க."

அவன் சட்டென்று திரும்பிப் பக்கத்தில் பார்த்தான். ஒரு நொடி அவனும் அதை நம்பிவிட்டான்.

அண்ணி ஃபோனை வாங்கினாள். "அம்மா, அது நான். அவ பட்டை என் கையில இருக்கு. நான்தான் கழட்டிக் கட்டிக்கிட்டேன். அவ உள்ள இருக்கா. பச்சைக் குழந்தைக்காரி."

பிறகு அந்தக் குரல் வந்தபோது அதில் பணிவு போய்விட்டிருந்தது. பயந்துபோன ஒரு சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. உள்ளே ஆள் இருப்பதாகக் காட்டினால்தான் தன் ஸ்க்ரீனில் திறக்கிற பொத்தானே வரும், இப்போது வரவில்லை, தன்னால் எதுவும் செய்ய முடியவில்லை என்றது. மேலதிகாரியைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னது. கொழுந்தன் கத்தினான். அண்ணி அவன் தோளைத் தொட்டு அடக்கினாள். அந்தப் பெண்ணும் எங்கோ ஒரு மேஜையில் கையில் ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது ஃபோனில் அந்தக் குரல் தாழ்ந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது.

"அக்கா, நான் சொல்றது பதிவாகுது. பரவாயில்லை. அந்தப் பட்டையை எப்படியாவது உள்ள போட்டுடுங்க. உள்ள இருக்கறதா காட்டினா ரேக் தானாவே விலகும்."

ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற நெட்டையன் ஒருவன் லோடு இறக்குகிற ஆட்களில் இருந்தான். கேட்ட மாத்திரத்தில் அண்ணியின் கையிலிருந்து பட்டையை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, ரேக்கின் தட்டுகளில் கால் வைத்து ஏறினான். உச்சியில் இரண்டு ரேக்குகளுக்கும் நடுவில் கை நுழைகிற அளவு இடைவெளி. தோள் வரை கையை விட்டான். விட்டுவிட்டேன் என்றான். உள்ளே எங்கோ அது விழுகிற சின்னச் சத்தம் கேட்டது.

இனி சிவப்புப் பொத்தானை விடுவிக்க வேண்டும். விடுவித்தால் ரேக் ஓடும். பட்டையை அது பார்த்திருந்தால் விலகும். பார்க்காவிட்டால் இன்னும் நெருக்கும். கொழுந்தன் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான்.

அண்ணி கடவுளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். என்றைக்கும் போல ஒத்தாசை என்ற சொல்தான் வந்தது. அதற்கு மேல் பிரார்த்தனை ஓடவில்லை. அந்த ஒத்தாசைதானே அவளை உள்ளே வைத்தது? கண்ணை மூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. திறந்த கண்ணோடு, எடு தம்பி என்றாள்.

பெருமூச்சு கேட்டது. ரேக் ஒரு தரம் குலுங்கியது. பிறகு விலகியது. மரியாதையாக, மெதுவாக, ஒரு பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல விலகியது. இத்தனை பேர் கத்தியும், தள்ளியும், கெஞ்சியும் அசையாத இரும்பு, ஒரு துண்டு ரப்பருக்கு வழிவிட்டது.

வாயாடி கீழ்த்தட்டில் பாதியும் வெளியில் பாதியுமாகக் கிடந்தாள். அந்தத் தட்டில், வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பின தலையணைகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. இரும்பு அவளை அவற்றுக்குள் அமுக்கியிருந்தது. அதனால்தான் உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. பட்டை அவள் தலைக்குப் பக்கத்தில் சிவப்பாக மினுங்கிக்கொண்டு கிடந்தது.

அண்ணி மண்டியிட்டு அவள் முகத்தைப் பிடித்தாள். கண் திறந்தது. உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துக் காதைக் கொடுத்தாள்.

"சிவப்பு எரிஞ்சுதா அண்ணி?"

அண்ணிக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

ஆஸ்பத்திரியில் வாயாடியின் அம்மா குழந்தையோடு ஓடிவந்தாள். இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் உடைந்திருக்கின்றன, உயிருக்கு ஆபத்தில்லை, நடக்க நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி நடைவழியில் நின்றுகொண்டிருந்தாள். விபத்து என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவளால் முடியவில்லை. நான்தான் பட்டையைக் கழற்றச் சொன்னேன், நான்தான் போய்ப் படுக்கச் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, அடி விழும் என்று காத்திருப்பவளைப்போல முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிவதற்கு நேரமானது. பிறகு, உள்ளே ஒருத்தரைத்தான் விடுவார்கள் என்று நர்ஸ் சொன்னதும், இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"பசிக்கு அழும். தோள்ல போட்டுக்க," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

தன் மகளை அந்த நிலைக்கு ஆளாக்கியது இவள் கை என்று தெரிந்த பிறகும், குழந்தையை அந்தக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைவழியில் மேலும் கீழும் நடந்தாள். கிடங்கில் வைத்து வராத பிரார்த்தனை, அவளே அறியாமல், குழந்தையின் முதுகைத் தட்டுகிற தாளத்தில் வந்துகொண்டிருந்தது.

கொழுந்தன் வந்து பக்கத்துச் சுவரில் சாய்ந்தான். நீங்கள் மாற்றிக் கட்டுவது எனக்குத் தெரியும் அண்ணி, ரேக் பட்டையைப் பார்த்துத்தான் மூடும் என்பதும் தெரியும் என்றான். இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருந்தேன், ஒரு நாளும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை என்றான். கண்டுகொள்ளாமல் போனால் அதுவே உங்களுக்கெல்லாம் செய்கிற நல்லது என்று நினைத்தானாம். அண்ணி அவனைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். ஆனால் ஒன்று அவளுக்கு அப்போது உறைத்தது. இத்தனை நாளும் அந்தப் பட்டை எப்படித் தண்டிக்கும் என்பதை மட்டும் எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அது காப்பாற்றவும் செய்யும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் கதவு திறக்காது என்று நினைத்துக்கொண்டுதான் அட்டையைக் காட்டினாள். திறந்தது. ஏன் என்று உள்ளே போனதும் தெரிந்தது. பெல்ட் ஓடவில்லை. நுழைவிலேயே ஒரு மேஜை போட்டு, அதன்மேல் புதுப் பட்டைகளை அடுக்கியிருந்தார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். எப்போதாவது வருகிற மேனேஜர் வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, அவரும் தூங்கவில்லை என்று தெரிந்தது. நேற்று நடந்தது நெஞ்சைப் பிளக்கிற சம்பவம், இனி ஒருபோதும் நடக்கக் கூடாது, அதனால்தான் இது என்று ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் சின்னதாக ஒரு பூட்டு இருந்தது. காலையில் பூட்டுவார்கள். மாலையில் சாவி போட்டுக் கழற்றுவார்கள். நடுவில் யாராலும் கழற்ற முடியாது.

"உங்க பாதுகாப்புக்குத்தான்," என்றார். மனசாரத்தான் சொன்னார்.

வாயாடி இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். சாவிக்கொத்து கொழுந்தன் கையில் இருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வரிசையில் முதலில் நின்றது அண்ணி. அவள் முன்னால் போனாள். கையை நீட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இது என்னென்ன செய்யும் சார்? எல்லாத்தையும் சொல்லிடுங்க. கேட்டுட்டு அப்புறம் கட்டிக்கறதா வேண்டாமான்னு பாக்கறோம்."

மேனேஜர் கோபப்படவில்லை. வேலையைக் கணக்கு வைக்கும், கதவைத் திறக்கும், ரேக்கை நிறுத்தும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வேறே, என்று பின்னால் சர்க்கரைக்காரர் கேட்டார். உடம்புச் சூட்டைப் பார்க்கும் என்று நினைக்கிறேன் என்றார். அப்படியானால் நேற்று அவளுக்குச் சுரம் என்று அதற்குத் தெரியுமா என்று யாரோ கேட்டார்கள்.

அந்தக் கேள்வி கிடங்கு முழுக்க நின்றது. தெரிந்திருந்தால், அவ்வளவு சூடாக இருந்தவளுக்கும் அது பச்சைதானே காட்டிக்கொண்டிருந்தது? அவள் புறங்கை ஒரு தடவை தொட்டுத் தெரிந்துகொண்டதை அது காலையிலிருந்தே தெரிந்து வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், பெட்டியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்ததா?

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் மேனேஜர் கடைசியில். "முழுசா இது என்ன செய்யும்னு எங்களுக்கும் யாரும் சொல்லலை."

சொல்லிவிட்டு, அவர் தன் கோட்டுக் கையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் ஒன்று இருந்தது. இவர்களுடையதைவிட மெல்லியது, வெள்ளி நிறம். அதை இன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கொழுந்தன் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான்.

அண்ணிக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஓரத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க சார். யார்கிட்ட கேக்கணுமோ நிதானமா கேளுங்க. தெரியற வரைக்கும் நாங்க இங்கயேதான் நிப்போம்."